பாஸ்போர்ட்டை மாற்றிய ஆட்டக்காரர்: அராட்டா இசுமியை முன்வைத்துப் புதுச்சேரிக்கு ஒரு நிகழ்வு ஆய்வு

புதுச்சேரியில் கால்பந்து ஆடும் பையன்களில் சிலரிடம் இந்திய பாஸ்போர்ட் கிடையாது. தாத்தா பிரெஞ்சு ராணுவத்தில் சொல்தாவாக இருந்திருப்பார். 1962 ஆகஸ்ட் 16-ல் பிரெஞ்சுப் பகுதிகள் சட்டப்படி இந்தியாவுக்குக் கைமாறியபோது, பிரெஞ்சுக் குடியுரிமையையே வைத்துக்கொள்கிறேன் என்று ஆறு மாதக் கெடுவுக்குள் எழுதிக் கொடுத்திருப்பார். அந்த ஒரு கையெழுத்து மகனுக்கு வந்து, பேரனுக்கும் வந்து சேர்ந்திருக்கிறது. பேரன் முத்தியால்பேட்டையில் வளர்ந்தவன், வீட்டிலும் தெருவிலும் தமிழ் பேசுகிறவன், உப்பளம் இந்திரா காந்தி விளையாட்டரங்கில் பந்து உதைக்கிறவன். சட்டத்தின் கண்ணில் அவன் பிரெஞ்சுக்காரன். மாநில அணிகள் மோதும் சந்தோஷ் கோப்பையில் புதுச்சேரிக்காக அவன் இறங்க முடியாது. இந்திய அணி அதற்கும் அப்பால்.

பையனுக்குப் பதினைந்து பதினாறு வயதாகும்போது பெற்றோர் பயிற்சியாளரான என்னிடம் கேட்கும் கேள்வி ஒன்றுதான். "மாஸ்டர், இவனை பிரான்சுக்கு அனுப்பிவிடட்டுமா? இல்லை, பாஸ்போர்ட்டை மாற்றி இங்கேயே ஆட விடட்டுமா?" கேட்பவர் பெரும்பாலும் தந்தை. பின்னால் நிற்கும் தாய்க்கு வேறொரு கேள்வி இருக்கும்: ஆட்டம் முடிந்த பிறகு இவன் எதை வைத்துப் பிழைப்பான்? தாயின் கேள்விதான் பெரியது என்று நான் எப்போதும் நினைப்பேன். இரண்டு கேள்விக்கும் சேர்த்துப் பதில் தேடினால், இந்தியக் கால்பந்தில் எல்லோர் பார்வையிலும் நடந்து முடிந்த ஒரு வாழ்க்கை நம் முன் இருக்கிறது. அது அராட்டா இசுமியின் வாழ்க்கை. அதை முழுமையாகப் பார்த்துவிட்டு நம் ஊருக்குத் திரும்பலாம்.

இசுமி 1982 ஜூலை 31-ல் ஜப்பானின் யாமாகுச்சி மாநிலத்தில் பிறந்தார். தாய் ஜப்பானியர், தந்தை குஜராத்தைச் சேர்ந்த இந்தியர். நீல்கந்த் கம்போல்ஜா என்ற இந்தியப் பெயரும் அவருக்கு உண்டு. முன்னோக்கி ஆடும் நடுக்கள வீரர். ஜப்பானின் முதல் நிலை லீகில் பெயர் எடுத்தவர் அல்லர். அப்படி எடுக்காத இளைஞர்கள் என்ன செய்வார்களோ அதைச் செய்தார், அதாவது வெளியே கிளம்பினார்.

முதல் நிறுத்தம் சிங்கப்பூர். அல்பிரெக்ஸ் நிகாட்டா என்ற ஜப்பானியக் கிளப் 2004 முதல் சிங்கப்பூர் லீகில் ஓர் அணியை நடத்திவந்தது. ஆட்டக்காரர்களில் பெரும்பாலோர் ஜப்பானிய இளைஞர்கள். சொந்த நாட்டில் இடம் கிடைக்காதவன் வெளிநாட்டில் முழுநேர ஆட்டக்காரனாக இருக்கிறானா என்று சோதித்துப் பார்க்கும் இடம் அது. இசுமி 2005-ல் அங்கே ஆடினார். 2006-ல் கொல்கத்தாவுக்கு, ஈஸ்ட் பெங்காலுக்கு வந்தார். வயது 24.

அப்போது அவர் இந்தியாவுக்கு வந்த எத்தனையோ வெளிநாட்டு ஆட்டக்காரர்களில் ஒருவர். நைஜீரியாவிலிருந்தும் பிரேசிலிலிருந்தும் வந்தவர்கள் ஒரு சீசன், இரண்டு சீசன் ஆடிவிட்டு அடுத்த நாட்டுக்குப் போவார்கள். பணம் வந்தால் இருப்பார்கள், நின்றால் போவார்கள். இதில் தவறு ஒன்றும் இல்லை, தொழில் அப்படி. இசுமியும் ஓரிரு ஆண்டில் தாய்லாந்துக்கோ வியட்நாமுக்கோ போயிருந்தால் யாரும் ஆச்சரியப்பட்டிருக்க மாட்டார்கள். அவர் போகவில்லை. ஈஸ்ட் பெங்காலுக்குப் பிறகு மும்பையில் மஹிந்திரா யுனைடெட், 2009 முதல் புனே எஃப்.சி., பின்பு ஐ.எஸ்.எல். எனும் இந்தியன் சூப்பர் லீக் தொடங்கியதும் அத்லெட்டிகோ டி கொல்கத்தா, எஃப்.சி. புனே சிட்டி, கடைசியாகக் கேரளா பிளாஸ்டர்ஸ். கிளப் மாறிக்கொண்டே இருந்தார். நாடு மாறவில்லை. இந்த ஆய்வில் நான் சொல்ல விரும்புவது முழுவதும் இந்த ஒன்றிலிருந்துதான் கிளைக்கிறது. அவருக்குப் பயிற்சியாளர் வாழ்க்கை கிடைத்ததும் இதனால்தான் என்பது என் முடிவு.

கரைந்துபோன கிளப்புகள்

ஊர் ஊராகச் சுற்றும் ஆட்டக்காரர் என்றால் ஓரிடத்தில் நிற்கத் தெரியாதவர் என்ற எண்ணம் நமக்கு இருக்கிறது. இசுமியின் இந்தியக் கிளப்புகளை ஒவ்வொன்றாக எடுத்து, அவை இன்று எங்கே இருக்கின்றன என்று பாருங்கள்.

மஹிந்திரா யுனைடெட் 2005-06-ல் தேசிய லீகை வென்ற அணி. 2010-ல் நிறுவனம் அதைக் கலைத்துவிட்டது. புனே எஃப்.சி. 2007-ல் தொடங்கி, அப்போது நாட்டின் முதல் நிலை லீகாக இருந்த ஐ-லீகில் 2012-13-ல் சர்ச்சில் பிரதர்ஸுக்கு அடுத்து இரண்டாம் இடம் பிடித்தது. 2015-ல் அதன் முதன்மை அணி முடிந்துபோனது. எஃப்.சி. புனே சிட்டி 2019-ல் மூடப்பட்டு, அந்த இடத்தில் ஹைதராபாத் எஃப்.சி. வந்தது. கொல்கத்தா அணி 2020-ல் மோகன் பகானோடு இணைக்கப்பட்டு, சில ஆண்டுகளில் பெயரும் போய்விட்டது. நான் சொன்ன ஆறு கிளப்புகளில் ஈஸ்ட் பெங்காலும் கேரளா பிளாஸ்டர்ஸும் மட்டுமே சொந்தப் பெயரோடு நிற்கின்றன.

ஆக, ஒரு பெரும் பகுதியில் அலைந்தவை கிளப்புகள். ஆட்டக்காரர் வாடகை வீட்டில் ஒழுங்காகக் குடியிருக்க, வீடே இடிபட்டால் அவர் என்ன செய்வார்? தமிழ்நாட்டுக்கும் இது புதிதல்ல. 2018-19 ஐ-லீகை வென்ற சென்னை சிட்டி எஃப்.சி. அடுத்த சில ஆண்டுகளிலேயே லீகிலிருந்து காணாமல் போனது. திருச்சியிலிருந்து வந்த தர்மராஜ் ராவணன் புனே எஃப்.சி.யிலும் ஆடினார், எஃப்.சி. புனே சிட்டியிலும் ஆடினார், சென்னை சிட்டியிலும் ஆடினார். மூன்றும் இன்று இல்லை. ஓர் ஆட்டக்காரரின் வாழ்க்கைக் குறிப்பை நிரப்பும் இடங்கள் வரைபடத்திலிருந்தே அழிந்துபோவது எவ்வளவு வருத்தமான செய்தி! இந்தியாவில் பையனைக் கால்பந்துக்கு அனுப்பும் பெற்றோர் முதலில் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும். ஒப்பந்தம் போடும் கிளப்புக்கு ஐந்து ஆண்டு ஆயுள் இருக்கிறதா என்று கேட்பது மரியாதைக் குறைவு ஆகாது.

இந்த இடிபாடுகளுக்கு நடுவே இசுமியை நிறுத்தியது என்ன? ஒன்று எனக்குத் தெளிவாகத் தெரிகிறது. மஹிந்திராவில் பயிற்சியாளராக இருந்த டெரிக் பெரேரா 2009-ல் புனே எஃப்.சி.க்குப் போனார். இசுமியும் அதே ஆண்டு புனேவுக்குப் போனார். பெரேரா இந்திய அணிக்காகத் தடுப்பாட்டம் ஆடி, பின்பு பயிற்சியாளர் ஆனவர். ஒரு நல்ல பயிற்சியாளரின் கீழ் பல சீசன்கள் தொடர்ந்து ஆடுவது ஆட்டக்காரனுக்குச் சம்பளம் இல்லாத ஒரு படிப்பு. அணியை எப்படி அமைக்கிறார், தோற்ற மறுநாள் என்ன பயிற்சி கொடுக்கிறார், உட்கார வைக்கப்பட்ட ஆளிடம் எப்படிப் பேசுகிறார் என்பதெல்லாம் பயிற்சியாளர் உரிம வகுப்பில் கிடைக்காது. ஆண்டுக்கு ஒரு நாடு, ஆண்டுக்கு ஒரு பயிற்சியாளர் என்று போகிறவனுக்கு இந்தப் படிப்பு கிடைப்பதே இல்லை. அவன் ஒவ்வொரு முறையும் முதல் வகுப்பிலேயே உட்கார்ந்திருக்கிறான்.

முப்பதில் எடுத்த முடிவு

இசுமியின் வாழ்க்கையில் புதுச்சேரிக்காரர்கள் உற்றுப் பார்க்க வேண்டிய இடம் இது.

ஐ-லீகில் ஒரு கிளப் வைத்துக்கொள்ளக்கூடிய வெளிநாட்டவரின் எண்ணிக்கைக்கு வரம்பு இருந்தது. ஜப்பானிய பாஸ்போர்ட் வைத்திருந்தவரை இசுமி அந்த வரம்புக்குள் ஓர் இடத்தை அடைத்தார். ஒவ்வொரு சீசனும் அவர் போட்டியிட்டது நைஜீரிய முன்கள வீரரோடும் ஆஸ்திரேலியத் தடுப்பாட்டக்காரரோடும். இந்தியத் தந்தைக்குப் பிறந்தவர் என்பது அந்தக் கணக்கில் சேராது. இந்திய அணிக்கும் அவரை எடுக்க முடியாது. தந்தை வழி உறவு இருந்து, அந்நாட்டுக் குடியுரிமையும் இருந்தால் ஆடலாம் என்பது ஃபிஃபா விதி. இரட்டைக் குடியுரிமையை அது தடுப்பதில்லை. தடுப்பது இந்தியச் சட்டம். நம் அரசியல் சாசனம் இரட்டைக் குடியுரிமையை ஏற்பதில்லை. இந்திய பாஸ்போர்ட் வைத்திருப்பவரே நாட்டின் அணியில் ஆடலாம் என்று 2008-ல் மத்திய அரசு தெளிவாகவே சொல்லிவிட்டது. வெளிநாட்டுக் குடியுரிமை உள்ள இந்திய வம்சாவளியினருக்கு இந்திய அரசு தரும் ஓ.சி.ஐ. அட்டை வைத்திருப்பவர் இங்கே வாழலாம், வேலை செய்யலாம். நாட்டுக்காக ஆட முடியாது.

வெளியிலிருந்து உள்ளே வர வழி உண்டு. ஓ.சி.ஐ. அட்டை பெற்று ஐந்து ஆண்டுகள் ஆகியிருந்து, விண்ணப்பிப்பதற்கு முந்தைய பன்னிரண்டு மாதங்கள் இந்தியாவிலேயே வசித்திருந்தால் குடியுரிமைக்குப் பதிவு செய்துகொள்ளலாம். அதற்காகப் பழைய குடியுரிமையைத் துறக்க வேண்டும். ஜப்பான் பக்கமும் கதவு மூடியதுதான்: தன் விருப்பத்தால் வேறு நாட்டுக் குடியுரிமை பெறுகிறவர் ஜப்பானியக் குடியுரிமையை இழந்துவிடுவார் என்பது அந்நாட்டுச் சட்டம்.

இசுமி துறந்தார். 2013 பிப்ரவரி 6-ல் கொச்சியில் பாலஸ்தீனத்துக்கு எதிராக இந்தியச் சட்டை அணிந்து முதல்முறையாக ஆடினார். விம் கூவர்மான்ஸ் பயிற்சியாளர். இந்தியா 2-4 என்று தோற்றது. இசுமிக்கு வயது 30.

பலர் இந்தக் கதையை நாட்டுப்பற்றுக் கதையாகச் சொல்லி முடித்துவிடுகிறார்கள். பற்று இருந்திருக்கும், அதை நான் மறுக்கவில்லை. கால்பந்துக் கணக்கில் மட்டும் பார்த்தால் அது நட்டக் கணக்கு. நடுக்கள வீரனுக்கு முப்பது வயது என்பது இறங்குமுகம் தொடங்கும் வயது. இந்திய அணியில் அவர் ஆடிய காலம் குறுகியது, பெரிய கோப்பை எதுவும் கைக்கு வரவில்லை. ஜப்பானிய பாஸ்போர்ட்டோ உலகின் பெரும்பாலான நாடுகளுக்கு விசா இல்லாமல் போகவிடும் பாஸ்போர்ட். அதைக் கொடுத்துவிட்டு இதை வாங்கியதில் இலாபம் எங்கே?

இலாபம் அடுத்த ஆண்டிலிருந்து தெரியத் தொடங்கியது. 2014-ல் ஐ.எஸ்.எல். வந்தது. வெளிநாட்டவர் இடங்களில் ஐரோப்பாவின் முன்னாள் நட்சத்திரங்கள் வந்து உட்கார்ந்தார்கள். ஐ-லீகில் நன்றாக ஆடிக்கொண்டிருந்த வெளிநாட்டவர்கள் பலர் ஓரங்கட்டப்பட்டது அப்போதுதான். இசுமி இந்தியர் என்ற கணக்கில், இந்தியர்களுக்கான இடத்தில் ஆடினார். முப்பதைத் தாண்டிய ஒருவருக்குக் கொல்கத்தா, புனே, கொச்சி என்று இந்தப் புதிய லீகில் பல சீசன்கள் கிடைத்தன. வெளிநாட்டவராகவே இருந்திருந்தால் இந்த வயதில் அந்த இடம் கிடைத்திருக்கும் என்று நான் நம்பவில்லை.

2025-ல் பெங்களூரு எஃப்.சி.யின் ரயன் வில்லியம்ஸ் ஆஸ்திரேலியக் குடியுரிமையைத் துறந்து இந்திய பாஸ்போர்ட் பெற்றார். அவருக்கும் வயது முப்பதைத் தாண்டியிருந்தது, அவரும் இந்தியாவில் சில சீசன்கள் ஆடி நிலைபெற்றவர். இரண்டு பேரும் பாஸ்போர்ட்டை மாற்றியது வாழ்க்கையைத் தொடங்குவதற்காக அல்ல. எங்கே வாழப்போகிறோம் என்பது முடிவான பிறகே மாற்றினார்கள். பதினாறு வயதுப் பையனின் தந்தையிடம் நான் திரும்பத் திரும்பச் சொல்வது இதைத்தான்.

ஆட்டக்காரர் பயிற்சியாளராகும்போது

2017-18-ல் கேரளா பிளாஸ்டர்ஸுக்கு ஆடிய பின் இசுமி நவி மும்பையில் உள்ள ரிலையன்ஸ் ஃபவுண்டேஷன் யங் சாம்ப்ஸ் பயிற்சிக்கூடத்துக்குப் போனார். நாடெங்கும் சிறுவர்களைத் தேர்ந்தெடுத்து, தங்கவைத்து, பள்ளிப் படிப்போடு சேர்த்துப் பயிற்சி கொடுக்கும் இடம் அது. அங்கே இளைஞர் அணிகளின் பயிற்சியாளராக வேலை செய்யத் தொடங்கினார். அங்கிருந்து வந்த பையன்கள் ஐ.எஸ்.எல். கிளப்புகளுக்குப் போயிருக்கிறார்கள். கோழிக்கோட்டுப் பையன் முகமது நெமில் எஃப்.சி. கோவாவுக்குப் போனது ஓர் எடுத்துக்காட்டு.

முன்னாள் ஆட்டக்காரர் பயிற்சியாளர் ஆவதை இயல்பான அடுத்த படி என்று நாம் நினைக்கிறோம். அது இயல்பானதே அல்ல. ஆடியவனுக்குத் தன் கால் என்ன செய்யும் என்று தெரியும். பதிமூன்று வயதுப் பையனின் கால் ஏன் அதைச் செய்யவில்லை என்று கண்டுபிடிப்பது வேறொரு தொழில். அதற்குப் பொறுமை வேண்டும், உரிமம் வேண்டும், பையனின் மொழியும் வீட்டு நிலையும் தெரிந்திருக்க வேண்டும். மணிப்பூர்ப் பையனும் மலப்புரத்துப் பையனும் ஒரே அறையில் தங்கும் இடத்தில், இந்திய லீகின் எல்லா மூலையையும் பார்த்த ஒருவர் கொண்டுவரும் அறிவுக்கு விலை உண்டு. கொல்கத்தாவின் கூட்டம் எப்படிக் கத்தும், சம்பளம் தள்ளிப்போகும் மாதத்தில் அணியறை எப்படி இருக்கும், கிளப் கலைகிறது என்ற செய்தி வந்த அன்று இளைய ஆட்டக்காரனிடம் என்ன சொல்ல வேண்டும் என்பதை ஐரோப்பாவிலிருந்து நேராக வந்திறங்கும் பயிற்சியாளர் அறியமாட்டார்.

இதற்கு நேர் எதிரான வாழ்க்கையும் ஒன்று இருக்கிறது. ஜெர்மன் கோல்கீப்பர் லுட்ஸ் ஃபானன்ஸ்டீல். ஃபிஃபாவின் ஆறு கண்டக் கூட்டமைப்புகளிலும் தொழில்முறையாக ஆடிய முதல் ஆட்டக்காரர் என்று அறியப்படுபவர். இங்கிலாந்து, சிங்கப்பூர், நியூசிலாந்து, கனடா, தென்னாப்பிரிக்கா, பிரேசில் என்று நாடுகளின் பெயரே ஒரு பத்தி ஓடும். ஆட்டம் முடிந்ததும் அவர் போய்ச் சேர்ந்தது திறமை தேடும் வேலையில். ஹோஃபன்ஹைம் கிளப்புக்காக ஆட்டக்காரர்களைத் தேடினார், பின்பு ஃபார்ச்சுனா டுசல்டார்ஃபிலும் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸிலும் விளையாட்டு இயக்குநர் ஆனார். அவருடைய மூலதனம் உலகெங்கும் இருந்த பழக்கம். இசுமியின் மூலதனம் ஒரே நாட்டை உள்ளும் புறமும் அறிந்தது. அலைவது வீண் என்று நான் சொல்லவில்லை. எப்படி அலைந்தோமோ அதற்கேற்ற வேலைதான் பின்னால் காத்திருக்கிறது. சிறுவர்களுக்குப் பயிற்சி கொடுக்க விரும்புகிறவன் எங்காவது ஓரிடத்தில் வேர்விட வேண்டும். ஃபானன்ஸ்டீலின் பாதை ஆயிரத்தில் ஒருவருக்குத்தான் வாய்க்கும், அதற்கு ஜெர்மன் பாஸ்போர்ட்டும் வேண்டும்.

பாஸ்போர்ட் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். சுனில் சேத்ரி 2009-ல் லண்டனின் குவீன்ஸ் பார்க் ரேஞ்சர்ஸ் கிளப்போடு ஒப்பந்தம் வரை போனார். வேலை அனுமதி கிடைக்கவில்லை. ஃபிஃபா தரவரிசையில் முதல் 70 இடங்களுக்குள் இருக்கும் நாட்டின் ஆட்டக்காரருக்கே அனுமதி என்பது அன்றைய விதி, இந்தியா அதற்கு வெகு கீழே இருந்தது. சேத்ரியின் ஆட்டத்தில் குறை இல்லை, அட்டையின் நிறத்தில்தான் குறை. 2010-ல் அமெரிக்காவின் கான்சாஸ் சிட்டிக்கும், 2012-ல் போர்ச்சுகலில் ஸ்போர்ட்டிங்கின் இரண்டாம் அணிக்கும் போய், சொற்ப ஆட்டங்களோடு திரும்பினார். இந்தியாவின் ஆகச் சிறந்த முன்கள வீரரின் நிலை இது. பிரெஞ்சு பாஸ்போர்ட் வைத்திருக்கும் முத்தியால்பேட்டைப் பையனுக்கு இந்தத் தடை பிரான்சில் கிடையாது. சேத்ரிக்குக் கிடைக்காத ஒன்று அவன் வீட்டு அலமாரியில் இருக்கிறது. அதை அவசரப்பட்டுத் தூக்கிக் கொடுக்காதீர்கள் என்று நான் சொல்வது அதனால்தான்.

நம் ஊர்க் கணக்கு

நான் நேரடியாகப் பார்த்துவரும் ஒரு பையனைப் பற்றிச் சொல்கிறேன். பெயர் வேண்டாம். வயது 16, இடது காலால் ஆடுகிறவன், ஓரக்களத்தில் வேகமானவன். தாத்தா சொல்தா. பதிவுப் படிவம் நிரப்ப உட்கார்ந்தபோது மேசையில் மூன்று தாள்கள் இருந்தன. பள்ளிச் சான்றிதழில் தந்தையின் பெயர் ஓர் எழுத்தாகச் சுருங்கி முன்னால் நின்றது. பிரெஞ்சு பாஸ்போர்ட்டில் தாத்தாவின் பெயர் குடும்பப் பெயராக முழுதாக நின்றது. பிறப்புச் சான்றிதழில் பையனின் பெயருக்கு நடுவே ஓர் எழுத்து கூடுதலாக இருந்தது. மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் மூன்று பையன்கள் போலத் தோன்றும். அவனுடைய தந்தை அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. "தூதரகத்தில் கேட்டால் சரி செய்துகொள்ளலாம் மாஸ்டர்" என்றார். நான் அன்றே அவரை அனுப்பினேன். ஏன் என்றால், ஒரு நாட்டிலிருந்து இன்னொரு நாட்டுக்கு ஆட்டக்காரனின் பதிவு போக வேண்டுமானால் சர்வதேச மாற்றுச் சான்றிதழ் வேண்டும். அதில் பெயரும் பிறந்த தேதியும் பொருந்தாவிட்டால் வேலை மாதக்கணக்கில் நிற்கும், சேர்க்கைக் காலம் முடிந்துவிடும்.

இப்போதே பிரான்சுக்கு அனுப்பலாமா என்றால், தனியாக அனுப்பும் யோசனையை விட்டுவிடுங்கள் என்பேன். 18 வயது நிறையாதவனை நாடு விட்டு நாடு மாற்றுவதை ஃபிஃபா பொதுவாகத் தடை செய்கிறது. விலக்குகள் சில உண்டு, அதில் நமக்குப் பயன்படுவது பெற்றோர் கால்பந்து அல்லாத காரணத்துக்காகக் குடிபெயர்ந்தால் பையனும் அங்கே பதிவு செய்துகொள்ளலாம் என்பது. வேலைக்காகக் குடும்பமே பிரான்சுக்குப் போவது புதுச்சேரியில் தலைமுறை தலைமுறையாக நடப்பது. அப்படிப் போகும் வீட்டுப் பையனுக்கு வழி நேரானது. பாரிஸின் வடக்குப் புறநகரில் உள்ள சார்செல்லின் உள்ளூர்க் கிளப்பில்தான் ரியாத் மஹ்ரெஸ் சிறுவனாக ஆடினார். அப்படிப்பட்ட கிளப்பில் சேர்வதற்கு ஏஜென்ட் வேண்டாம், உறுப்பினர் கட்டணமும் மருத்துவச் சான்றும் போதும்.

ஏஜென்ட் என்றதும் என் இரத்தம் கொதிக்கிறது. ஐரோப்பாவில் சோதனை ஆட்டத்துக்கு அழைத்துப்போகிறேன் என்று முன்பணம் கேட்கும் ஆட்கள் புதுச்சேரியிலும் கடலூரிலும் மைதானத்து ஓரம் நிற்பதைப் பார்த்திருக்கிறேன். கடலூர் மஞ்சக்குப்பம் மைதானத்தில் நன்றாக ஆடிய ஒரு பையனின் வீட்டில் அந்தப் பணத்துக்காக நகையை அடகு வைத்தார்கள். பையன் போனது சுற்றுலா விசாவில். எந்தக் கிளப்பும் அவனை எதிர்பார்த்திருக்கவில்லை. பெற்றோரே, உண்மையான ஏஜென்ட்டுக்கு ஃபிஃபாவின் உரிமம் இருக்கும், பெயரைத் தேடினால் கிடைக்கும். உங்கள் பையனை ஒரு கிளப் உண்மையிலேயே விரும்பினால் கிளப்பின் கடிதம் முதலில் வரும். பணம் கேட்டு வருகிறவனிடம் அந்தக் கடிதத்தைக் கேளுங்கள்.

பிரான்சில் மேலே ஏறும் படிகளையும் தெரிந்து வைத்துக்கொள்ள வேண்டும். மாவட்டம், வட்டாரம், அதற்கு மேல் நேஷனல் 3, நேஷனல் 2, நேஷனல், அதன் பிறகே லீக் 2, லீக் 1. கீழ்ப் படிகளில் ஆடுகிறவர்களுக்கு ஆட்டத்தில் பிழைப்பு இல்லை, பகலில் வேலை, மாலையில் பயிற்சி. இதைச் சொன்னால் பெற்றோர் முகம் வாடுகிறது. எனக்கோ அதில் நல்லது தெரிகிறது. அந்தக் கீழ்ப் படிக் கிளப்புகளில்தான் சிறுவர் அணிகளுக்குப் பயிற்சி கொடுக்க ஆள் தேடிக்கொண்டே இருப்பார்கள். இருபது வயதில் ஆடிக்கொண்டே பத்து வயதுப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கத் தொடங்கியவன் முப்பத்தைந்தில் வேலை தேடி அலையமாட்டான்.

இங்கேயே இருப்பவனுக்கும் அதே கணக்கு. அகில இந்தியக் கால்பந்து சம்மேளனத்தின் டி உரிமத்தில் தொடங்கி, சி, பி, ஏ என்று ஏறி, ஆசியக் கூட்டமைப்பின் ப்ரோ உரிமம் வரை படிகள் இருக்கின்றன. ஆட்டத்தை விட்டபிறகுதான் உரிமம் எடுக்க வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. புதுச்சேரியில் மாநில அணிக்கு ஆடியவர்கள், அரசு வேலையில் சேர்ந்தவர்கள், பிரான்சில் வட்டார லீகில் ஆடிவிட்டு ஓய்வூதியத்தோடு திரும்பியவர்கள் என்று எத்தனையோ பேர் இருக்கிறார்கள். மாலையில் லாஸ்பேட்டை மைதானத்தில் நடைப்பயிற்சி செய்கிறார்கள். பக்கத்தில் பையன்கள் தவறான முறையில் பந்தை நிறுத்திக்கொண்டிருப்பார்கள். அவர்களை உள்ளே அழைத்து உரிமம் எடுக்கவைக்கும் ஏற்பாடு இந்த ஊரில் இல்லை. எனக்கு இதைவிடப் பெரிய மனக்குறை இல்லை. இசுமியை நவி மும்பையில் ஒரு பயிற்சிக்கூடம் அழைத்துக்கொண்டது. நம் ஊர் இசுமிகளை அழைக்க யாரும் இல்லை.

உள்ளூர்க் கிளப் நடத்துகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. ஆட்டக்காரன் பின்னாளில் வெளிநாட்டுக் கிளப்புக்குப் பணத்துக்கு மாறினால், 12 வயதிலிருந்து 23 வயது வரை அவனுக்குப் பயிற்சி கொடுத்த கிளப்புகளுக்கு அந்தத் தொகையில் ஐந்து விழுக்காடு பிரிந்து போக வேண்டும் என்பது ஃபிஃபா விதி. 2022 முதல் அந்தப் பங்கைப் பிரித்துக் கொடுப்பதற்கென்றே ஒரு தீர்வு மையமும் இயங்குகிறது. பதிவு இருந்தால்தான் பங்கு கிடைக்கும். நோட்டுப் புத்தகத்தில் எழுதிய வருகைப் பட்டியல் அங்கே செல்லாது. சங்கத்தில் இணைந்த கிளப்பாக இருந்து, பையனை ஒவ்வோர் ஆண்டும் முறையாகப் பதிவு செய்திருக்க வேண்டும். நம் ஊரில் இதைச் செய்கிற கிளப்புகள் மிகக் குறைவு.

அந்த 16 வயதுப் பையனுக்கு வருவோம். பிரெஞ்சு பாஸ்போர்ட் இருக்கட்டும், இப்போது அதைத் தொட வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். சந்தோஷ் கோப்பை ஆசைக்காக அதைத் துறப்பது கூடாது. பிரெஞ்சுக் குடியுரிமையை விட்டவர் பின்னால் மீட்டுக்கொள்ள அந்நாட்டுச் சட்டத்தில் வழி உண்டு என்றாலும் அது தானாக நடப்பதல்ல. இருபத்தைந்து வயதில் இந்தியாவில்தான் வாழப்போகிறேன் என்று அவனே சொன்னால், இசுமி போல முழு மனதோடு மாறிக்கொள்ளட்டும். அதற்கு முன்னேற்பாடாக ஓ.சி.ஐ. அட்டையை இப்போதே எடுத்து வைத்தால் ஐந்து ஆண்டுக் கெடு இன்றிலிருந்தே ஓடத் தொடங்கும். தந்தை இதற்கு ஒப்புக்கொண்டார். பெயர்த் திருத்தத்துக்கும் எழுதிக் கொடுத்துவிட்டார். ஞாயிற்றுக்கிழமைகளில் பையன் பத்து வயதுக்குட்பட்டவர்களுக்குக் கூம்புகளை அடுக்கிக்கொடுத்து, ஒரு குழுவைத் தானே நடத்துகிறான். 18 ஆனதும் டி உரிமத்துக்கு அனுப்பலாம் என்று இருக்கிறேன். தந்தைக்கு அதுமட்டும் பிடிக்கவில்லை. "ஆடுகிற வயதில் எதற்கு மாஸ்டர் அது?" என்கிறார். தாய் உரிமக் கட்டணம் எவ்வளவு என்று கேட்டு எழுதிக்கொண்டு போனார்.